இரண்டு சாட்சிகள் முன்னிலையில்

கோர்வைப் புடவை நெய்யும் தறியில் ஒருவர் தனியாக உட்கார முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்க, மறு பக்கத்துக் கரைக்கான நாடாவை ஓட்டித் தர இன்னொருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளை. பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரத்தில் மனைவியோ தம்பியோ. காஞ்சிபுரத்தின் செவிலிமேட்டிலும் பிள்ளையார்பாளையத்திலும் குழித்தறி இருந்த வீடுகளில் இதனால், யாரும் திட்டமிடாமலேயே, ஒரு பாதுகாப்பு இருந்தது. வாசலில் வந்து நின்று யார் எதைக் கேட்டாலும் அதை இரண்டு பேர் கேட்டார்கள்.

இன்று கோர்வை நெய்பவர்கள் குறைந்துவிட்டார்கள். உடலையும் கரையையும் ஒரே ஊடையில் ஓட்டி முடிக்கும் புடவைகள் பெருகிவிட்டன. ஒரே ஆள் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள தொழிற்சாலைக்கு விடியற்காலை வேனில் போய்விடுகிறான். அவன் உட்கார்ந்த இடத்தில், தறி மரத்தின் மேல், ஒரு கைப்பேசி இருக்கிறது. வருமான வரி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வரும் குரல் அந்த வழியாகத்தான் வருகிறது.

செவிலிமேடு காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றங்கரையில் இருக்கும் ஊர். ராமாநுசர் நாள்தோறும் நீர் எடுத்து வரதராசர் கோயிலுக்குச் சுமந்தார் என்று மரபு சொல்லும் சாலைக்கிணறு இங்கேதான். தனிப் பேரூராட்சியாக இருந்தது, காஞ்சி நகராட்சியோடு சேர்ந்து, 2021இல் மாநகராட்சியின் ஒரு பகுதியானது. வரி என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் தறிஇறை என்றே ஒரு வரி வருகிறது. எதற்கு எவ்வளவு, எதற்கு விலக்கு என்பன பலவும் கோயில் சுவரில் வெட்டி வைக்கப்பட்டிருந்தன. வரி கேட்டு வருபவன் சொல்வது மெய்யா என்று சரிபார்க்க வேண்டுமானால் கோயிலுக்குப் போய்ப் படித்தவரிடம் கேட்கலாம். எல்லாக் காலத்திலும் வரி கொடுப்பவனுக்குப் பயம் இருந்திருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஓர் இடம் இருந்தது, ஒரு சுவர் இருந்தது.

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வரித் துறையிலிருந்து ஒரு செய்தி வந்தால் அது தபால்காரர் கையில் வந்தது. பதிவுத் தபால், பின்னால் இளஞ்சிவப்போ மஞ்சளோ ஓர் ஒப்புகை அட்டை, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். வாங்கும்போதே எதிர் வீட்டுக்குத் தெரிந்துவிடும். மாலைக்குள் தெருவுக்குத் தெரியும். அது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தோடு சேர்ந்து ஆலோசனையும் வந்தது. பட்டு வியாபாரி வீட்டுக் கணக்குப்பிள்ளை வந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சங்கத்து எழுத்தர் வந்து பார்ப்பார். பிறகு அது ஆடிட்டரிடம் போகும். வரி நிர்ணயமாகி, கட்டச் சொல்லிக் கேட்பு அறிவிப்பு வந்தால், கட்டுவதற்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் முப்பது நாள் கொடுத்தது. மேல்முறையீட்டுக்கும் முப்பது நாள். வாங்கிய தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு பாவு முழுவதையும் நெய்து முடித்துக்கூட யோசிக்கலாம்.

அந்தப் பயம் சின்னதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் நம் நாட்டில் வருமான வரியின் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 விழுக்காடு. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968இல் வந்து 1990 வரை நீடித்தது. பொற்கொல்லர்கள் அந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் வாசலில் ஜீப் நிற்கும் சத்தத்தை அஞ்சியே வாழ்ந்தார்கள். கூலி நெசவாளிக்கு வருமான வரியோடு சம்பந்தமே இல்லை. ஆனால் அவர் நூல் வாங்கும் முதலாளிக்கு இருந்தது, முதலாளி வீட்டில் ரெய்டு என்றால் அடுத்த வாரக் கூலி நின்றது. பயம் அப்படித்தான் தறி வரை இறங்கி வந்தது.

ரெய்டு என்று நாம் சொல்லும் சோதனைக்கும் ஒரு முறை எழுதப்பட்டிருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 132ஆவது பிரிவும் அதன் கீழ் வந்த 112ஆவது விதியும் சொன்னவை இவை: உயர் அதிகாரி கையெழுத்திட்ட ஆணை வேண்டும், சோதனை தொடங்குவதற்கு முன் அந்த வட்டாரத்தில் மதிப்போடு வாழும் இரண்டு பேரையாவது சாட்சியாக அழைக்க வேண்டும், எடுத்த பொருள்களுக்கெல்லாம் பட்டியல் எழுதி அவர்கள் கையெழுத்தை வாங்க வேண்டும், பெண்ணைச் சோதிக்க வேண்டுமானால் பெண்தான் சோதிக்க வேண்டும். சாட்சிகள் கையெழுத்திடும் அந்த ஆவணத்தைத்தான் பேச்சில் பஞ்சநாமா என்கிறார்கள். இந்த விதியை நான் முதலில் படித்தபோது அது வெறும் அலுவலக நடைமுறையாகத் தெரிந்தது. இப்போது படிக்கும்போது அதன் அறிவு புரிகிறது. மெய்யான அதிகாரி வீட்டுக்குள் நுழையும்போது அக்கம்பக்கத்தாரையும் உள்ளே கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்தியது. இன்றைய பொய் அதிகாரி செய்யும் முதல் வேலை அக்கம்பக்கத்தாரை வெளியே தள்ளுவது.

அன்றும் பொய் அதிகாரிகள் இருந்தார்கள். மிகப் பெரிய உதாரணம் பம்பாயில், 1987 மார்ச்சில் நடந்தது. மோன் சிங் என்ற பெயரைச் சொல்லிக்கொண்ட ஒருவர், உளவு அதிகாரிகள் தேவை என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, வந்தவர்களைத் தாஜ் ஓட்டலில் நேர்காணல் செய்து, இருபத்தாறு பேரைத் தேர்ந்தெடுத்தார். மார்ச் 19ஆம் தேதி அவர்களைப் பேருந்தில் ஏற்றி ஓபரா ஹவுஸ் பகுதியில் இருந்த பெரிய நகைக்கடைக்கு அழைத்துப் போய், சிபிஐ சோதனை என்று சொல்லி நகைகளை அள்ளிக்கொண்டு மறைந்தார். கூட வந்த இருபத்தாறு பேரும் உண்மையாகவே தாங்கள் அரசு வேலையில் சேர்ந்துவிட்டதாக நம்பிக் கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் பிடிபடவே இல்லை. அந்தக் கதைதான் இந்தியில் ‘ஸ்பெஷல் 26’ என்றும், 2018இல் தமிழில் ‘தானா சேர்ந்த கூட்டம்’ என்றும் படமாக வந்தது.

அந்த மோசடிக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று பாருங்கள். விளம்பரச் செலவு, ஓட்டல் வாடகை, பேருந்து, இருபத்தாறு ஆட்கள், நல்ல உடுப்பு, பட்டப்பகலில் பலர் பார்க்க முகத்தைக் காட்டும் துணிவு. இத்தனையும் செய்து கொள்ளையடித்தது ஒரே ஒரு கடை. ஏழை வீட்டை ஏமாற்ற யாரும் இவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள். ஆகவே ஏழை வீடு தப்பித்தது. அதற்குக் காவல் அதன் ஏழ்மைதான்.

1991இல் நாடு முழுவதும் இருந்த தொலைபேசி இணைப்புகள் சுமார் 50 லட்சம். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டிய பொருள் அது. ஒரு தெருவில் ஒரு வீட்டில் இருந்தால் அதுவே அதிகம். அந்த வீட்டுக்கு அழைப்பு வந்தால், ஆளைக் கூப்பிட ஒரு பிள்ளை ஓடும், அழைப்புக்குரியவர் வந்து பேசும்போது வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தரங்கம் இல்லை என்று அன்று அலுத்துக்கொண்டோம். இன்று நாட்டில் இணைப்புகள் நூறு கோடியைத் தாண்டிவிட்டன. 2016இல் மலிவு விலை இணையம் வந்தது. அதே ஆண்டில் யுபிஐ வந்தது. நெசவாளர் சங்கத்தில் வரிசையில் நின்று, பாஸ் புத்தகத்தில் பதிந்து, எண்ணி வாங்கிய கூலி இப்போது வங்கிக் கணக்கில் விழுகிறது. இடையில் யாரும் கை வைக்க முடியாது என்பது பெரிய லாபம். அதை நேரில் கண்ட யாரும் பழைய முறைக்குத் திரும்பச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பணம் கைப்பேசிக்கு வந்துவிட்ட பிறகு, கைப்பேசி வழியாகவே அதை எடுக்கவும் முடியும் என்றாகிவிட்டது. ஏழ்மையின் காவல் போய்விட்டது. ஒரு லட்சம் பேரை அழைத்து அதில் பத்துப் பேர் ஏமாந்தாலும் அழைப்பவருக்கு நட்டமில்லை.

வரி அதிகாரி வேடத்தைத் தொலைபேசியில் போட்டுப் பார்த்த பெரிய கூட்டம் நம் நாட்டிலேயேதான் இருந்தது. இலக்கு மட்டும் வெளிநாடு. 2016 அக்டோபரில் மும்பையை அடுத்த மீரா ரோட்டில் இருந்த கால் சென்டர்களைத் தாணே போலீசார் சோதனையிட்டபோது நூற்றுக்கணக்கான இளைஞர்கள் உள்ளே இருந்தார்கள். அவர்கள் வேலை, அமெரிக்காவில் இருப்பவர்களை அழைத்து, தாங்கள் அந்த நாட்டு வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் அதிகாரிகள் என்று சொல்லி, வரி பாக்கி, கைது வாரண்ட் என்று மிரட்டுவது. என்ன சொல்ல வேண்டும், எதிராளி அழுதால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. அதே மாதம் 27ஆம் தேதி அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட குற்றப்பத்திரிகையில், ஆமதாபாத் கால் சென்டர்கள் உட்பட, 56 பேரும் 5 நிறுவனங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. ஏமாந்தவர்கள் 15,000 பேருக்கும் மேல் என்று அது சொன்னது. கலிபோர்னியாவின் ஹேவர்ட் ஊரைச் சேர்ந்த ஒருவரை இருபது நாள் திரும்பத் திரும்ப அழைத்து, பணம் ஏற்றிய 276 அட்டைகளை வாங்க வைத்து, 1,36,000 டாலர் பறித்திருக்கிறார்கள்.

இருபது நாள் என்பதில்தான் என் மனம் நிற்கிறது. இருபது நாளும் அந்த மனிதர் கடைக்குப் போயிருக்கிறார், அட்டை வாங்கியிருக்கிறார், எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். வரியைக் கடை அட்டையில் கட்டச் சொல்கிறார்களே என்று ஒருவரிடம் அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அமெரிக்கர்களிடம் பழகிய கை பிறகு உள்ளூரிலும் நீண்டது. 2023 ஆகஸ்டில் பலருடைய கைப்பேசிகளுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்களுக்கு 15,490 ரூபாய் வருமான வரி திரும்பக் கிடைக்க ஒப்புதல் ஆகிவிட்டது, கணக்கு எண் சரியா என்று பார்க்க இந்த இணைப்பை அழுத்துங்கள். பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்தது. அது ஆசை காட்டும் வகை. அடுத்தது அச்சம் காட்டும் வகை: உங்கள் பேன் எண்ணில் ஒரு நிறுவனம் நடக்கிறது, உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, கறுப்புப் பண வழக்கு. அங்கிருந்து சீருடை போட்டவர் காணொளியில் தோன்றுவார், பின்னால் காவல் நிலையம் போலச் சுவர், கொடி. “டிஜிட்டல் கைது” என்று அதற்கொரு பெயரும் வைத்தார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று தம் வானொலி உரையில் இதைப் பற்றியே பேச வேண்டிவந்தது.

எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில் இது நடந்தது. எழுபதை நெருங்கும் நெசவாளி, தறியில் இருந்தார். மனைவி இரண்டடி தள்ளி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் பதிவு செய்த குரல், ஏதோ எண்ணை அழுத்தச் சொன்னது. பிறகு தமிழ் பேசும் ஒருவர். “இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல இருந்து பேசுறோம். உங்க பேன் கார்டுல மும்பையில கம்பெனி ஓடுது. நாற்பது லட்சம் பாக்கி. ரெண்டு மணி நேரத்துல வாரண்ட் வந்துடும்.” அவர் குழியிலிருந்து காலை எடுத்து மேலே வைத்து உட்கார்ந்தார். குரல் தொடர்ந்தது: “லைனைக் கட் பண்ணாதீங்க. தனி ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கோங்க. வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவங்களும் கேஸ்ல வருவாங்க.”

அந்த வீட்டில் தனி அறை இல்லை. இருப்பது ஒரே கூடம். அதில் முக்கால் பங்கு தறி. சமையல் பின்கட்டில். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், எங்கே போவது என்று. அதற்குள் ராட்டை நின்றுவிட்டது. “யாருங்க போன்ல?” என்றார் மனைவி. “இன்கம்டாக்ஸாம்.” “நமக்கு ஏதுங்க இன்கம்டாக்ஸு? சொசைட்டி கிளார்க் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசுங்க.” எதிர்முனையில் பெண் குரல் கேட்டதுமே, யார் அங்கே, தனியாக வரச் சொன்னேனே என்று அதட்டல். அவர் பதில் சொல்லாமல் கைப்பேசியை மனைவியிடம் நீட்டினார். அவர் வாங்கி, “ஐயா, எதுவா இருந்தாலும் கடுதாசி போடுங்க” என்றார். இணைப்பு அறுந்தது.

அறையும் கதவும் இருக்கும் வீடுகளில் அப்படி முடிவதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், தனி வீட்டில் கணவனும் மனைவியும், அல்லது ஒருவர் மட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், மருத்துவர், வங்கி அதிகாரி. படிக்காதவர்தான் ஏமாறுவார் என்ற பழைய எண்ணம் இங்கே பலிக்கவில்லை. அரசாங்கக் கடிதத்தின் மொழியை அறிந்தவர், சட்டத்தை மதித்தே வாழ்ந்தவர், ஒரு கறையும் படாமல் ஓய்வுபெற்றவர்: இவர்களுக்குத்தான் அந்த மிரட்டல் ஆழமாக இறங்குகிறது. ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியிடம் உச்ச நீதிமன்ற உத்தரவு போலவே தயாரித்த போலித் தாளைக் காட்டி ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் பறித்தார்கள். அவர்கள் எழுதிய முறையீட்டைப் பார்த்து 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. டிசம்பர் 1 அன்று சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது. எல்லா வகை இணைய மோசடிகளையும் சேர்த்து 2023இல் நாட்டு மக்கள் இழந்தது சுமார் 7,465 கோடி ரூபாய் என்றும், 2024இல் சுமார் 22,845 கோடி என்றும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

இதே ஆண்டுகளில் மெய்யான வரித் துறையும் மாறியது. நேரில் போய் அதிகாரி முன் நிற்பதில் இருந்த தொல்லைகளைப் பழைய வியாபாரிகள் மறக்கவில்லை: காத்திருந்த நாள்கள், தள்ளிப்போன தேதிகள், கவனிப்பை எதிர்பார்த்த கைகள். 2020 ஆகஸ்ட் 13இல் முகமில்லா மதிப்பீட்டு முறை நாடு முழுக்க வந்தது. காஞ்சிபுரத்து வியாபாரியின் கணக்கை எந்த ஊரில் எந்த அதிகாரி பார்க்கிறார் என்று அவருக்குத் தெரியாது. பேரம் பேச ஆளில்லை. இது நல்ல மாற்றம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதிகாரியின் முகத்தையும் மேசையையும் கண்டு பழகிய தலைமுறை, முகமில்லாத அதிகாரத்தை நம்பப் பழக வேண்டிவந்தது. பொய்க் குரலுக்கு அந்தப் பழக்கம் உதவியது.

அரசும் அவசரத்தில் பேசப் பழகிக்கொண்டது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஆதாரோடு பேனை இணைக்க 2023 ஜூன் 30 கடைசி நாள், தாமதத்துக்கு 1,000 ரூபாய் கட்டணம், இணைக்காவிட்டால் ஜூலை 1 முதல் பேன் செயல்படாது. இது மெய்யான செய்தி. வங்கியில் கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும் என்று வந்ததும் பல நேரம் மெய்யான செய்திதான். மெய்யான செய்திகளே இன்றைக்குள், இந்த வாரத்துக்குள் என்று மிரட்டும்போது, பொய்ச் செய்தி இரண்டு மணி நேரத்துக்குள் என்று சொன்னால் அது வேறுபட்டுத் தெரிவதில்லை. முப்பது நாள் அவகாசம் சட்டத்தில் இருந்தது; மக்கள் மனத்திலிருந்துதான் அது போய்விட்டது.

தறிக்கூடத்து அம்மா கேட்ட கடுதாசிக்கும் இப்போது வேறு உருவம். 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித் துறை அனுப்பும் ஒவ்வொரு நோட்டீசிலும் கடிதத்திலும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும்; டின் என்கிறார்கள். அது இல்லாத தாள், விதிவிலக்காகச் சொல்லப்பட்ட சில நிலைமைகள் தவிர, அனுப்பப்பட்டதாகவே கருதப்படாது என்று அப்போது அறிவித்தார்கள். துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, உள்நுழையாமலேயே, மெய்யா பொய்யா என்று பார்க்கலாம். ஜிஎஸ்டியிலும் அதே ஆண்டு நவம்பரில் இம்முறை வந்தது. ஒரு வகையில் இது பழைய கோயில் சுவர்தான். யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். ஆனால் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். செவிலிமேட்டின் சின்ன உற்பத்தியாளருக்குப் பேன் கணக்கில் பதிந்திருக்கும் மின்னஞ்சல் முகவரி பல நேரம் ஆடிட்டர் அலுவலகத்துடையது. மெய்யான நோட்டீஸ் அங்கே போகிறது. பொய் நோட்டீஸ் மட்டும் நேராக அவர் வாட்ஸாப்புக்கு வருகிறது, போலி டின்னும் முத்திரையுமாக.

இதைவிடச் சிக்கலான ஒன்றும் இருக்கிறது. கடன் வாங்கித் தருகிறேன், அரசு உதவி வாங்கித் தருகிறேன் என்று ஆதாரையும் பேனையும் நகலெடுத்துக்கொண்டு போய், அந்தப் பெயரில் ஜிஎஸ்டி பதிவு வாங்கி, பொய்ப் பில் போட்டு, கோடிக்கணக்கில் உள்ளீட்டு வரி வரவை எடுத்துக்கொண்டு மறைந்துவிடும் கூட்டங்கள். பிறகு அன்றாடக் கூலிக்காரர் வீட்டுக்கு, பீடி சுற்றும் பெண் வீட்டுக்கு, கோடி ரூபாய் பாக்கி என்று நோட்டீஸ் வருகிறது. தமிழ்நாட்டில் இப்படிப் பல நடந்திருக்கின்றன. அந்த நோட்டீசில் டின் இருக்கிறது. எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் மெய் என்று வருகிறது. பொய் அழைப்பைத் துண்டிக்கக் கற்றுக்கொண்டவர், அதே துணிவில் இதையும் கிழித்துப் போட்டால் வழக்கு அவர்மேல் நடக்கும். எதை நம்புவது என்பது அன்று ஒரு தாளைப் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருந்தது. இன்று அதற்கே ஒருவர் துணை வேண்டியிருக்கிறது.

அழைப்பவர் யார் என்பதும் மாறிவிட்டது. மோன் சிங் தன் விருப்பத்தில் வேடம் போட்டவர். மீரா ரோட்டு இளைஞர்கள் சம்பளத்துக்குப் பேசியவர்கள். இன்று வரும் அழைப்புகளில் ஒரு பகுதி மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் அடைத்த வளாகங்களிலிருந்து வருகிறது. அங்கே இருந்து பேசுபவர்களில் பலர் தாங்களே ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவர்கள். கணினி வேலை, நல்ல சம்பளம் என்று தாய்லாந்துக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் மியான்மரிலிருந்து மீட்கப்பட்டு 2022 அக்டோபரில் சென்னைக்குத் திரும்பினார்கள். மறுத்தவர்களை அடித்தார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். தறியை விட்டு வெளியே வேலை தேடிப் போகும் பிள்ளைகளை உடைய ஊர் இது. ஆகவே அந்தக் குரலை முழுக்கவும் அந்நியன் குரலாக எண்ணி வெறுக்க எனக்கு முடியவில்லை.

பெற்றவையும் உண்டு. பழைய நாளில் வெளியூர்க்காரன் ஏமாற்றிவிட்டுப் போனால் போனதுதான். இன்று 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் கை மாறிப் போய்க்கொண்டிருக்கும் கணக்குகளை வங்கிகள் முடக்க முடிகிறது. முதல் ஒரு மணி நேரம் முக்கியம் என்கிறார்கள் போலீசார். மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. சில காலம் யாரை அழைத்தாலும் மணி ஒலிக்கும் முன்பே மோசடி எச்சரிக்கை ஓடியது. அவசரத்தில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள், ஆனாலும் அது வேலை செய்தது. வரி நோட்டீஸ் என்று யாராவது சொன்னால், “டின் இருக்கா?” என்று கேட்கும் பாவு வியாபாரிகளை இப்போது பார்க்கிறேன். தெருவில் இருந்த காது மெல்ல வேறு வகையில் திரும்பி வருகிறது: மருமகளின் கைப்பேசிக்கு அந்த எண்ணை அனுப்பிக் கேட்பது, சங்கத்து வாட்ஸாப் குழுவில் போடுவது.

ஒன்று மட்டும் புதிதாகக் குழப்பும். டிஜிட்டல் கைது பொய் என்பதால், காணொளியில் அதிகாரி வந்தாலே பொய் என்று ஊரில் பலரும் முடிவு கட்டியிருக்கிறார்கள். முகமில்லா மதிப்பீட்டில் நேரில் விசாரிக்க வேண்டும் என்று வரி கட்டுபவர் கேட்டால், மெய்யான துறையும் காணொளி வழியாகவே விசாரிக்கிறது. ஆனால் அதற்கு முதலில் நோட்டீஸ் வந்திருக்க வேண்டும், அதில் டின் இருக்க வேண்டும். விசாரணையை வரி கட்டுபவர் கேட்க வேண்டும், இணைப்பு துறையின் தளம் வழியாக வர வேண்டும், நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். அன்று அவர் தனியாக உட்கார வேண்டியதில்லை. ஆடிட்டரையோ வழக்கறிஞரையோ பிரதிநிதியாக வைத்துக்கொள்ளச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. செவிலிமேட்டிலிருந்து ஒருவர் தம் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய், அவர் மேசையிலேயே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அதிகாரிக்குப் பதில் சொல்லலாம்.